ஒரு மீட்டருக்கு ஒரு கோடி கிலோமீட்டர்: சூரியக் குடும்பத்தை நடந்தே அளக்கலாம்

பாடப்புத்தகத்தில் வரும் சூரியக் குடும்பப் படம் எல்லா மாணவருக்கும் பழக்கமானதுதான். இடது ஓரத்தில் பெரிய மஞ்சள் சூரியன், அதையடுத்து எட்டுக் கோள்களும் வரிசையாக, கிட்டத்தட்ட ஒட்டி ஒட்டி நிற்கும். பெயர்களும் வரிசையும் சரி. அளவுகள்தான் சரியில்லை. படம் வரைந்தவரைக் குறை சொல்லவும் முடியாது. 30 செ.மீ. நீளத் தாளில் நெப்டியூன் வரைக்குமான தூரத்தை அளவுப்படி அடக்கினால், சூரியனே 0.1 மில்லிமீட்டருக்கும் சிறிய புள்ளியாகிவிடும். பூமி அதிலும் நூறில் ஒரு பங்கு, கண்ணுக்கே தெரியாது. அதனால் கோள்களை ஊதிப் பெரிதாக்கி, தூரங்களைச் சுருக்கிப் போடுகிறார்கள். இதில் நம் பார்வைக்கு எட்டாமல் போவது, சூரியக் குடும்பத்தைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்: அதில் பெரும்பகுதி வெறும் வெளி.

பெயர்களை மனப்பாடம் செய்வதற்கு முன் இந்த வெளியை ஒருமுறை காலால் நடந்து பார்த்துவிடுவது நல்லது. அதற்கான வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். போகிற வழியில் ஒவ்வொரு கோளையும் பார்த்துக்கொள்ளலாம்.

சூரியக் குடும்பம் என்பது என்ன?

சூரியனும், அதன் ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டு அதைச் சுற்றிவரும் எல்லாமும் சேர்ந்ததுதான் சூரியக் குடும்பம். எட்டுக் கோள்கள், அவற்றின் துணைக்கோள்கள், புளூட்டோ போன்ற குறுங்கோள்கள், சிறுகோள்கள், வால் நட்சத்திரங்கள், தூசு வரை எல்லாம் இதில் அடக்கம். மொத்த நிறையில் 99.8 சதவீதத்துக்கும் மேல் சூரியனிடமே இருக்கிறது. மிச்சத்தில் பெரும்பங்கு வியாழனுக்கு. மற்ற ஏழு கோள்களையும் ஒன்றாகச் சேர்த்தாலும் வியாழன் அவற்றைப்போல இரண்டரை மடங்கு நிறை கொண்டது. நாம் வாழும் பூமி கணக்கில் சில்லறைதான்.

சூரியன் இவ்வளவு பலமாக இழுத்தும் கோள்கள் ஏன் அதற்குள் விழுந்துவிடவில்லை? அவை பக்கவாட்டில் வேகமாக ஓடிக்கொண்டிருப்பதால். பூமி விநாடிக்கு ஏறக்குறைய 30 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. இழுப்பு மட்டும் இருந்தால் பூமி நேராகச் சூரியனில் போய் விழும். ஓட்டம் மட்டும் இருந்தால் நேர்கோட்டில் போய்த் தொலைந்துவிடும். இரண்டும் சேர்வதால் பாதை வளைந்து சுற்றாகிறது. சூரியனுக்கு அருகில் இழுப்பு அதிகம், ஆகவே அங்கே ஓட்டமும் வேகம்: புதன் விநாடிக்கு 47 கி.மீ., நெப்டியூன் 5.4 கி.மீ.

மாதிரியின் அளவுகோல்

அண்மையில் இருப்பதையும் தொலைவில் இருப்பதையும் ஒரே அளவுகோலில் காட்ட, எல்லாவற்றையும் ஆயிரம் கோடியில் ஒரு பங்காகச் சுருக்குவோம். இந்த எண்ணைத் தேர்ந்ததற்குக் காரணம், கணக்கு மனத்திலேயே வந்துவிடும்:

1 மீட்டர் = 1 கோடி கி.மீ.
1 சென்டிமீட்டர் = 1 லட்சம் கி.மீ.
1 மில்லிமீட்டர் = 10 ஆயிரம் கி.மீ.

தேவையானவை ஒரு சார்ட் அட்டை, அஞ்சலட்டை அளவில் எட்டு வெள்ளை அட்டைகள், மில்லிமீட்டர் கோடுள்ள அளவுகோல், கவராயம், அளவு நாடா, அட்டைகளை நட்டு வைக்கக் குச்சிகள். சார்ட்டில் 7 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்து மஞ்சள் பூசி வெட்டுங்கள். அதுதான் சூரியன்; அசல் விட்டம் சுமார் 13.9 லட்சம் கி.மீ. ஒவ்வொரு வெள்ளை அட்டையிலும் கீழ்க்கண்ட விட்டத்தில் ஒரு கோளை வரையுங்கள். அடுத்துள்ள எண், சூரியனிலிருந்து அதை நட வேண்டிய தூரம்.

புதன்: 0.5 மி.மீ., 5.8 மீட்டர்
வெள்ளி: 1.2 மி.மீ., 10.8 மீட்டர்
பூமி: 1.3 மி.மீ., 15 மீட்டர்
செவ்வாய்: 0.7 மி.மீ., 22.8 மீட்டர்
வியாழன்: 14 மி.மீ., 78 மீட்டர்
சனி: 12 மி.மீ., 143 மீட்டர்
யுரேனஸ்: 5.1 மி.மீ., 287 மீட்டர்
நெப்டியூன்: 5 மி.மீ., 450 மீட்டர்

பால்பாயின்ட் பேனாவை அழுத்தாமல் ஒருமுறை தொட்டு எடுத்தால் புதன் வந்துவிடும். பூமிக்கு அதையே கொஞ்சம் சுழற்ற வேண்டும். சனியின் வளையத்தைச் சேர்த்து வரைவதானால் குறுக்கே 27 மி.மீ. வரும்.

நாடா 30 மீட்டர்தான் இருக்கும் என்பதால் செவ்வாய் வரை அதில் அளந்துவிட்டு, மற்றவற்றுக்குக் காலடிக் கணக்கு போதும். தரையில் 20 மீட்டர் குறித்துக்கொண்டு இயல்பாக நடந்து எண்ணுங்கள். 32 காலடி வந்தால் ஒரு காலடி 62.5 செ.மீ.; நெப்டியூனுக்கு 720 காலடி. போகப் போக அலுப்பு வந்து காலை எட்டிப்போடத் தொடங்கினால் கணக்கு கெட்டுவிடும், எண்ணுகிறவரை இடையிடையே மாற்றிக்கொள்ளுங்கள்.

பொதுவாக நேரும் தவறுகள் மூன்று. அட்டவணைகள் சிலவற்றில் ஆரமும் சிலவற்றில் விட்டமும் கொடுத்திருப்பார்கள். பார்க்காமல் எடுத்தால் ஒரு கோள் மட்டும் பாதியாகவோ இரட்டிப்பாகவோ வந்து நிற்கும். இரண்டாவது, எல்லாத் தூரமும் சூரியனிலிருந்து என்பதை மறந்து முந்தைய கோளிலிருந்து அளப்பது; வியாழன் 100 மீட்டருக்கு மேல் போய்விடும். மூன்றாவதுதான் அதிகம் நடப்பது: தூரத்திலிருந்து தெரியவில்லையே என்று பூமியைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிடுவது. அப்படிச் செய்தால் புத்தகப் படத்துக்கே திரும்பிவிட்டோம். புள்ளியைப் பெரிதாக்காமல், அதைச் சுட்டி ஒரு பெரிய அம்புக்குறி போடுங்கள்.

எல்லாக் கோள்களையும் ஒரே கோட்டில் நட வேண்டியதும் இல்லை. அவை ஒருபோதும் அப்படி நிற்பதில்லை, ஒவ்வொன்றும் தன் பாதையில் எங்கோ ஓரிடத்தில் இருக்கும். மைதானத்தின் ஒரு மூலையில் வியாழன், எதிர்மூலையில் சனி என்று வைத்தாலும் சூரியனிலிருந்து தூரம் சரியாக இருந்தால் போதும். நெப்டியூனுக்கு மைதானத்தை விட்டு வெளியே போக நேர்ந்தால் பெரியவர் ஒருவர் துணையோடு போங்கள்.

சரியாக நட்டிருக்கிறீர்களா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. பூமி அட்டையருகே நின்று 15 மீட்டர் தள்ளியிருக்கும் மஞ்சள் வட்டத்தைப் பாருங்கள். வானத்தில் சூரியன் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அதே அளவில், சுமார் அரை பாகையில், அது தெரிய வேண்டும். ஒப்பிட உண்மைச் சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, கண் கெட்டுவிடும். முழுநிலாவோடு ஒப்பிடலாம், அதுவும் ஏறக்குறைய அரை பாகைதான்.

உள்ளே நான்கு கோள்கள்

புதனிலிருந்து செவ்வாய் வரை நான்கும் 23 மீட்டருக்குள் முடிந்துவிடுகின்றன. நான்கும் பாறைக் கோள்கள், நடுவில் இரும்பு.

சூரியனுக்கு மிக அருகில் இருப்பது புதன். அப்படியானால் அதுதான் மிகச் சூடான கோள் என்று பெரும்பாலோர் எழுதுவார்கள். தவறு. புதனில் வெப்பத்தைப் பிடித்துவைக்கக் காற்று இல்லை; பகலில் 430 டிகிரி செல்சியஸ் வரை ஏறும், இரவில் மைனஸ் 180 வரை இறங்கும். இரட்டிப்புத் தூரத்தில் இருக்கும் வெள்ளியில் இரவு பகல் இரண்டிலும் சுமார் 465 டிகிரி. அங்கே காற்றில் 96 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. சூரிய ஒளி பட்டுச் சூடான தரை வெளிவிடும் வெப்பத்தை அது தப்பவிடுவதில்லை. காற்றழுத்தமும் பூமியைப்போல 90 மடங்குக்கு மேல். 1982இல் அங்கே இறங்கிய சோவியத் விண்கலம் வெனேரா 13 தாக்குப்பிடித்தது 127 நிமிடம். வெள்ளி தன்னைத்தானே சுற்றுவதும் எதிர்த்திசையில். அங்கே நின்று பார்க்க முடிந்தால் சூரியன் மேற்கே உதிக்கும்.

பூமி அட்டையில் நிலாவையும் போடலாம். 0.35 மி.மீ. புள்ளி, பூமியிலிருந்து 3.8 செ.மீ. தள்ளி. மனிதர் கால்வைத்த தூரம் அவ்வளவுதான், அட்டையை விட்டு வெளியே போகவில்லை.

பருவகாலம் பற்றிய ஒரு தவறான எண்ணத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்வோம். பூமியின் பாதை நீள்வட்டம் என்று படித்ததும், சூரியனுக்கு அருகில் வரும்போது கோடை, தள்ளிப் போகும்போது குளிர் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில் (14.7 கோடி கி.மீ.), மிகத் தள்ளிப் போவது ஜூலைத் தொடக்கத்தில் (15.2 கோடி கி.மீ.). ஜனவரியில் வடபாதியில் குளிர், தென்பாதியில் கோடை. காரணம் தூரமாக இருந்தால் இரண்டு பாதியிலும் ஒரே பருவமல்லவா இருக்க வேண்டும்? பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதுதான் காரணம். எந்தப் பாதி சூரியன் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அங்கே வெயில் செங்குத்தாக விழும், பகலும் நீளும்.

நீள்வட்டம் என்றதும் முட்டை வடிவில் பாதை வரைவதும் வழக்கம். கவராயத்தில் 10 செ.மீ. ஆரம் வைத்து வட்டம் போட்டு, மையத்திலிருந்து 1.7 மி.மீ. தள்ளிச் சூரியனைக் குறியுங்கள். பூமியின் பாதை அதுதான். நீள்வட்டத்துக்கும் இந்த வட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் பென்சில் கோட்டின் தடிமனைவிடக் குறைவு. புதனின் பாதை சற்று மாறுபட்டது. அதற்குச் சூரியனை 2 செ.மீ. தள்ள வேண்டும்.

செவ்வாய் பூமியில் பாதி விட்டம்தான். இரும்புத் துரு கலந்த மண்ணால் சிவந்து தெரிகிறது. ஏறக்குறைய 22 கி.மீ. உயரமுள்ள ஒலிம்பஸ் மோன்ஸ் எரிமலை அங்கேதான். காய்ந்த ஆற்றுத் தடங்கள் இருக்கின்றன, துருவங்களில் பனி இருக்கிறது, காற்று மட்டும் பூமியில் நூறில் ஒரு பங்கு அழுத்தம்கூட இல்லை.

செவ்வாயிலிருந்து வியாழனுக்கு

இங்கேதான் நடை நீள்கிறது. நான்கு கோள்களைக் கடக்க 23 மீட்டர் போதுமாயிருந்தது. அடுத்த ஒன்றுக்கு மட்டும் 55 மீட்டர். இந்த இடைவெளியில்தான் சிறுகோள் பட்டை. 1801 ஜனவரி 1 அன்று இத்தாலியில் ஜுசெப்பே பியாசி முதலில் கண்ட செரஸ் இதில் பெரியது, விட்டம் சுமார் 940 கி.மீ. நம் மாதிரியில் 0.1 மி.மீ.கூட வராது.

சினிமாவில் விண்கலம் பாறைகளுக்கு இடையே வளைந்து நெளிந்து தப்பிப்பதைக் காட்டுவார்கள். அப்படியெல்லாம் இல்லை. பட்டையில் உள்ள அத்தனை சிறுகோள்களையும் சேர்த்தாலும் நிலாவின் நிறையில் 3 சதவீதம்தான், அதுவும் அவ்வளவு பெரிய பரப்பில் சிதறிக் கிடக்கிறது. 1970களில் பயனியர் 10 தொடங்கி எத்தனையோ விண்கலங்கள் எதிலும் மோதாமல் கடந்து போயிருக்கின்றன. சிறுகோளைப் படம் பிடிக்க வேண்டுமென்றால் கணக்குப் போட்டுக் குறிவைத்து அருகில் போக வேண்டும்.

உள்ளே பாறை, வெளியே பெரிய வாயுக் கோள்கள் என்று ஏன் பிரிந்தது? சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் வாயுவும் தூசும் கலந்த மேகம் ஒன்று தன் ஈர்ப்பாலேயே சுருங்கியது. சுருங்கச் சுருங்கச் சுழற்சி வேகம் பிடித்து, தட்டையான வட்டாக மாறியது. நடுவில் திரண்டது சூரியன். வட்டில் திரண்டவை கோள்கள். எல்லாக் கோள்களும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே தளத்தில் சுற்றுவது இதனால்தான். சூரியனுக்கு அருகில் சூடு அதிகம். நீர் பனியாக உறைய முடியாது, பாறையும் உலோகமும் மட்டுமே திரண்டன. அவை மேகத்தில் கொஞ்சம்தான். இன்றைய செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட தூரத்தைத் தாண்டியதும் பனியும் திடப்பொருளாகக் கிடைத்தது. அங்கே உருவான கருக்கள் பெரிதாக வளர்ந்து, சுற்றிலும் இருந்த ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் இழுத்துப் போர்த்திக்கொண்டன. கோள்களின் பட்டியலை இந்தக் காரணத்தோடு படித்தால் மறக்காது.

வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒருமுறை தன்னைச் சுற்றிவிடுகிறது. அந்த வேகத்தால் நடுப்பகுதி பிதுங்கி, மேலும் கீழும் தட்டையாகத் தெரியும். நிற்பதற்குத் தரை கிடையாது. அதன் நான்கு பெரிய துணைக்கோள்களை 1610இல் கலிலியோ தொலைநோக்கியில் கண்டார்: எரிமலைகள் கக்கிக்கொண்டிருக்கும் ஐயோ, பனி ஓட்டுக்கு அடியில் கடல் இருப்பதாகக் கருதப்படும் யுரோப்பா, புதனைவிடப் பெரிய கானிமீடு, பள்ளங்கள் நிறைந்த கலிஸ்டோ.

சனியின் வளையம் ஒரே தகடு அல்ல. தூசு முதல் வீட்டளவு வரையிலான பனிக்கட்டித் துண்டுகள் தனித்தனியாகச் சுற்றுகின்றன. குறுக்கே 2.7 லட்சம் கி.மீ. இருந்தும் தடிமன் பல இடங்களில் பத்து மீட்டர் அளவுதான். துணைக்கோள் எண்ணிக்கையை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள்: 2025 மார்ச்சில் சனிக்கு ஒரே தடவையில் 128 சேர்ந்து 274 ஆனது. புத்தகம் அச்சாகி வருவதற்குள் எண் மாறிவிடும்.

யுரேனஸை 1781இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்தார். அது அச்சு 98 பாகை சாய்ந்து, படுத்துக்கொண்டே உருள்கிறது. நெப்டியூனைக் கண்டது தாளில்தான். யுரேனஸின் ஓட்டம் கணக்கோடு பொருந்தாததால், வெளியே இன்னொரு கோள் இழுக்கிறது என்று பிரான்சின் வானியலாளர் லெவெரியே இடத்தைக் கணித்தார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் வானியலாளர் காலே தேடியபோது கணித்த இடத்துக்கு ஒரு பாகை தூரத்துக்குள் கிடைத்தது. ஒரு சுற்றுக்கு 165 ஆண்டு ஆவதால், கண்டுபிடித்த பிறகு முதல் சுற்றை 2011இல்தான் முடித்தது.

புளூட்டோ என்ன ஆனது?

1930இல் கண்டுபிடித்தபோது ஒன்பதாவது கோள் என்றார்கள். பின்னர் அதே பகுதியில், நெப்டியூனுக்கு அப்பாலுள்ள கைப்பர் பட்டையில், புளூட்டோவைப் போன்றவை ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைக்கத் தொடங்கின. 2005இல் ஏறக்குறைய அதே அளவில் ஏரிஸ் கிடைத்ததும், ஒன்று எல்லாவற்றையும் கோள் என்று சேர்க்க வேண்டும், அல்லது புளூட்டோவை எடுக்க வேண்டும் என்ற நிலை. 2006 ஆகஸ்டில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் மூன்று நிபந்தனை வகுத்தது: சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பாலேயே உருண்டை வடிவம் பெற்றிருக்க வேண்டும், தன் பாதையில் மற்றவை இல்லாதபடி ஆதிக்கம் பெற்றிருக்க வேண்டும். புளூட்டோ மூன்றாவதில் தேறவில்லை. செரஸ், புளூட்டோ, ஹௌமியா, மக்கேமக்கே, ஏரிஸ் ஐந்தும் இப்போது குறுங்கோள்கள். புளூட்டோவைத் தண்டித்துவிட்டது போல வருந்துவோர் உண்டு. செரஸும் 1801க்குப் பின் பல பத்தாண்டுகள் கோள் என்ற பெயரில் இருந்து பிறகு பட்டியலிலிருந்து நீங்கியதுதான்.

வால் நட்சத்திரங்கள் பனியும் தூசும் கலந்த சிறு உடல்கள். சூரியனை நெருங்கும்போது பனி ஆவியாகி வால் நீள்கிறது. வால் எப்போதும் ஓட்டத்துக்குப் பின்னால் இருக்கும் என்று வரையாதீர்கள். அது சூரியனுக்கு எதிர்ப்புறம் நீளும். ஆகவே திரும்பிப் போகும்போது வால் முன்னே செல்லும். ஹேலி 1986இல் வந்தது, அடுத்து 2061. இரவில் கோடிழுத்து மறையும் எரிநட்சத்திரத்துக்கும் நட்சத்திரத்துக்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலும் மணல் அளவுத் துகள் ஒன்று சுமார் 100 கி.மீ. உயரத்தில் காற்றில் எரிவதுதான். எரிந்து தீராமல் தரைக்கு வந்தால் அது விண்வீழ்கல்.

ஒளி எப்படி நடக்கும்?

ஒளி விநாடிக்கு 3 லட்சம் கி.மீ. நம் மாதிரியில் அது 3 செ.மீ., எறும்பு ஊரும் வேகம். சூரிய அட்டையிலிருந்து பூமிக்கு 15 மீட்டரை ஒரு மாணவர் விநாடிக்கு 3 செ.மீ. வீதம் நகர்ந்து கடந்தால் 500 விநாடி, அதாவது 8 நிமிடம் 20 விநாடி. கடிகாரம் வைத்துச் செய்து பாருங்கள்; பாதிக்கு மேல் பொறுமை இருக்காது. நெப்டியூனுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல். பூமி அட்டையையும் நகர்த்த விரும்பினால் நாளைக்கு 26 செ.மீ., நெப்டியூன் அட்டையை 4.7 செ.மீ. அடுத்த நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரி இதே அளவுகோலில் 4,000 கி.மீ. தள்ளி இருக்கும்; மைதானத்திலிருந்து அதை நட யாரும் கிளம்ப வேண்டாம்.

வானத்தில் பார்க்க

புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஐந்தும் வெறும் கண்ணுக்கே தெரியும். சூரியனும் நிலாவும் போகும் பாதையை ஒட்டித்தான் தேட வேண்டும். நட்சத்திரம் மினுங்கும், கோள் பெரும்பாலும் மினுங்காது. ஆனால் தொடுவானத்துக்கு அருகில் காற்று தடித்திருப்பதால் கோளும் மினுங்கி ஏமாற்றும், நன்றாக மேலேறியதும் மறுபடி பாருங்கள். நள்ளிரவில் உச்சியில் பளிச்சென்று ஒன்று தெரிந்தால் அது வெள்ளியாக இருக்க முடியாது. பூமியின் பாதைக்கு உட்புறம் சூரியனைச் சுற்றுவதால், அது மாலையில் மேற்கிலோ விடியலுக்கு முன் கிழக்கிலோதான் இருக்கும்.

7x50 அல்லது 10x50 பைனாகுலர் (முதல் எண் பெரிதாக்கும் மடங்கு, அடுத்தது முன்வில்லையின் விட்டம் மி.மீ.இல்) கிடைத்தால் முதலில் வியாழனைப் பாருங்கள். கையில் பிடித்தால் படம் ஆடும், அதனாலேயே பலர் ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். சுவரிலோ தூணிலோ முழங்கையை ஊன்றிக்கொண்டால் கோளின் இருபுறமும் ஒரே கோட்டில் சிறு புள்ளிகள் தெரியும். நோட்டில் ஒரு கோடு கிழித்து, நடுவில் வியாழனைப் போட்டு, புள்ளிகள் எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளி என்று தேதி, நேரத்தோடு குறியுங்கள். மறுநாள் அதே நேரம் பார்த்தால் இடம் மாறியிருக்கும். ஐயோ 1.8 நாளில் ஒரு சுற்று முடிக்கிறது, கலிஸ்டோவுக்கு 16.7 நாள். நான்குக்குப் பதில் மூன்றோ இரண்டோ தெரிந்தால் பைனாகுலரைக் குறை சொல்ல வேண்டாம். ஒன்று வியாழனுக்குப் பின்னால் போயிருக்கும், அல்லது முன்னால் வந்து அதன் வெளிச்சத்தில் கலந்திருக்கும்.